ஒரு ஸ்பானரும் ஒரு பழைய ஜென்னியும்: பெஸ்ஸி கோல்மன் விபத்தின் பின்னணி

1926 ஏப்ரல் 30 காலை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகரின் பாக்ஸன் மைதானத்திலிருந்து இரட்டை இறக்கை கொண்ட ஒரு சிறு விமானம் கிளம்பியது. ஓட்டியவர் 24 வயது மெக்கானிக் வில்லியம் வில்ஸ். இன்னொரு இருக்கையில் பெஸ்ஸி கோல்மன். மறுநாள் அங்கே நடக்கவிருந்த வான்சாகச நிகழ்ச்சியில் அவர் பாராசூட்டில் குதிப்பதாக இருந்தது. எங்கே குதிக்கலாம், எங்கே இறங்கலாம் என்று மேலிருந்து பார்த்து வைப்பதுதான் அன்றைய வேலை. பத்து நிமிடம் போல எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் விமானம் திடீரென்று மூக்கைக் கீழே குத்திப் பாய்ந்தது, சுழன்றது, தலைகீழாகப் புரண்டது. பெல்ட் போடாமல் இருந்த கோல்மன் வெளியே தூக்கி எறியப்பட்டார். எந்த உயரத்தில் என்பதில் அன்றைய செய்திகளே ஒத்துப்போகவில்லை. 500 அடி என்றும் எழுதினார்கள், 2,000 அடி என்றும் எழுதினார்கள். வில்ஸ் விமானத்தோடு விழுந்து இறந்தார்.

எரிந்துபோன சிதைவுகளைக் கிளறியபோது ஒரு ஸ்பானர் கிடைத்தது. இன்ஜின் வேலைக்கு எடுத்த கருவி. அது நழுவிப்போய்க் கட்டுப்பாட்டு இயக்கத்தில் சிக்கி அதை இறுக்கிவிட்டது என்று முடிவு செய்தார்கள். கோல்மன் பற்றிய எந்தக் குறிப்பை எடுத்தாலும் கடைசி வரியில் இந்த ஸ்பானர் வந்துவிடும். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் விமானி, 34 வயதில், யாரோ மறந்து வைத்த ஒரு ஸ்பானரால் இறந்தார் என்று கதை முடியும். பொய் இல்லை. ஆனால் ஸ்பானரை மட்டும் பார்த்தால் அந்த விமானமே கண்ணில் படாமல் போய்விடும். இந்த விபத்தைப் புரிந்துகொள்ள விமானத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது கர்ட்டிஸ் ஜே.என்.-4. எல்லோருக்கும் ஜென்னி. முதல் உலகப் போரில் அமெரிக்காவும் கனடாவும் தங்கள் விமானிகளைப் பழக்கிய பயிற்சி விமானம். 6,000-க்கும் மேல் செய்தார்கள். மரச்சட்டம், அதன்மேல் துணி, துணி விறைப்பாக நிற்க எளிதில் தீப்பிடிக்கும் ஒரு பூச்சு. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். அந்தக் கால விமானிகளிடம் ஒரு கிண்டல் உண்டு: இறக்கைகளுக்கு நடுவே ஒரு குருவியை விட்டுப் பார், அது வெளியே பறந்துவிட்டால் எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் ஓ.எக்ஸ்.-5, தண்ணீரால் குளிரும் எட்டு சிலிண்டர், 90 குதிரைத்திறன். முழு வேகத்தில் மணிக்கு 75 மைல். வழக்கமாகப் போவது 60 மைல். 45 மைலுக்குக் கீழே வந்தால் இறக்கை தாங்காது. அதாவது சாதாரணமாகப் பறக்கும் வேகத்துக்கும் விழுந்துவிடும் வேகத்துக்கும் 15 மைல்தான் இடைவெளி.

மாணவருக்கு இது ஒரு வகையில் நல்லது. மெதுவாகப் போகும், தவறு செய்தால் உடனே காட்டிக்கொடுக்கும், கூடவே வாத்தியார் இருப்பார். இரண்டு இருக்கைகளிலும் கட்டுப்பாடுகள் உண்டு, இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மாணவர் தடுமாறினால் வாத்தியார் பிடித்துக்கொள்வார். ராணுவப் பயிற்சித் தளத்தில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. தினமும் இன்ஜினைக் கழற்றி மாட்ட ஆள், உதிரிபாகக் கிடங்கு, சரிசெய்யக் கொட்டகை. ஓ.எக்ஸ்.-5-க்கு இதெல்லாம் கட்டாயம் வேண்டும். அதன் வால்வு இயக்கம் வெளியே திறந்தே இருக்கும். கையால் எண்ணெய் விட வேண்டும். சிலிண்டருக்கு ஒரே ஒரு ஸ்பார்க் பிளக்; அது போனால் மாற்று கிடையாது. ரேடியேட்டர் கசியும்.

போர் முடிந்தது. ஆயிரக்கணக்கான ஜென்னிகள் மிச்சம். அரசு 5,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது சில நூறு டாலருக்கு வெளியே வந்தது. பின்னாளில் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிப் பெயர் வாங்கிய சார்லஸ் லிண்ட்பர்க் 1923-ல் ஜார்ஜியாவில் தன் முதல் விமானமாக ஒரு ஜென்னியை 500 டாலருக்கு வாங்கினார். வேலையில்லாமல் நின்ற போர் விமானிகள் இதை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வயல்வெளியில் இறங்குவார்கள், காசு வாங்கிக்கொண்டு மக்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள், இறக்கைமேல் நடப்பார்கள். கொட்டகையும் கிடங்கும் ராணுவத்தோடு போய்விட்டன. விமானம் மட்டும் சந்தைக்கு வந்தது. இரவில் மழையில் நின்றது, பகலில் பறந்தது. இன்ஜின் நின்றால் இறங்கிய வயலிலேயே, கையில் இருந்த கருவிகளை வைத்து, ஓட்டியவரோ கூட வந்த மெக்கானிக்கோ சரிசெய்து கிளம்ப வேண்டும். அந்த ஸ்பானர் விமானத்துக்குள் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. ஜென்னி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கருவிகளோடுதான் பறந்தார்கள். வேறு வழி இல்லை.

சரி, கோல்மன் ஏன் ஜென்னியில் பறந்தார்?

1892-ல் டெக்சாஸில், குத்தகை நிலத்தில் பருத்தி விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர். 1915-ல் சிகாகோவுக்கு வந்து, ஒரு முடிதிருத்தகத்தில் நகம் அழகுபடுத்தும் வேலை பார்த்தார். போரிலிருந்து திரும்பிய அண்ணன், பிரான்சில் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள், நீங்களெல்லாம் என்ன என்று சீண்டினாராம். அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் அவரைச் சேர்க்கவில்லை. பெண், அதிலும் கறுப்பினப் பெண். ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையை நடத்திய ராபர்ட் அபட், பிரான்சுக்குப் போ என்றார். கோல்மன் பிரெஞ்சு படித்தார், பணம் சேர்த்தார், 1920 நவம்பரில் கப்பல் ஏறினார். வடக்கு பிரான்சில் லெ க்ரோட்டுவா என்ற கடலோர ஊரில் கோட்ரோன் சகோதரர்களின் பள்ளி. நியூபோர் 82 என்ற பயிற்சி விமானம். உடன் படித்த ஒரு மாணவர் விபத்தில் இறந்ததை அங்கேதான் பார்த்தார். பயிற்சியை விடவில்லை. 1921 ஜூன் 15-ல் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் கைக்கு வந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த உரிமம் அமெரிக்காவில் பறக்கத் தேவையே இல்லை. 1926 வரை விமானிக்கு உரிமம் வேண்டும், விமானத்துக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்று சொல்லும் கூட்டரசுச் சட்டம் எதுவும் அமெரிக்காவில் கிடையாது. ஜென்னியை வாங்கிய எவரும் அன்றே அதில் ஏறிப் பறக்கலாம், காசு வாங்கி ஆளும் ஏற்றலாம். சட்டம் யாரையும் தடுக்கவில்லை. பள்ளிகள் மட்டும் கோல்மனைத் தடுத்தன. அவர் கடல் கடந்து போய், நாட்டில் பலரிடம் இல்லாத ஒரு தகுதியோடு திரும்பி வந்தார். 1922-ல் மறுபடி ஐரோப்பா போய் மேற்பயிற்சியும் எடுத்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், போரில் பெயர் வாங்கிய கறுப்பினப் படைப்பிரிவான 369-ஆவது காலாட்படையைச் சிறப்பிக்கும் நிகழ்ச்சியில், தன் நாட்டில் முதன்முறையாகப் பொதுமக்கள் முன் பறந்தார்.

தகுதி இருந்தது, விமானம் இல்லை. கடன் கொடுக்க வங்கி இல்லை, விளம்பரத்துக்கு இலவசமாகப் புது விமானம் தரும் கம்பெனி இல்லை. மிச்சம் இருந்தது ஜென்னிதான். 1923 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் முதல் ஜென்னியை வாங்கினார். பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சிக்குக் கிளம்பியவுடன், 300 அடியில் இன்ஜின் நின்றது. கால் முறிந்தது, விலா எலும்புகள் முறிந்தன. மாதக்கணக்கில் படுக்கை. அந்த விமானமும் போனது. மறுபடி எழுந்து நிகழ்ச்சிகளுக்கு வர நீண்ட காலம் ஆயிற்று. 1925 ஜூன் 19-ல், டெக்சாஸின் கறுப்பின மக்கள் அடிமைத்தனம் முடிந்ததைக் கொண்டாடும் நாளில், ஹூஸ்டனில் பறந்தார். வாக்ஸஹாச்சி என்ற ஊரில் வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவருக்கு ஒரு வாசல் என்றார்கள். ஒரே வாசல் இல்லையென்றால் பறக்க மாட்டேன் என்று சொல்லி, சொன்னதைச் சாதித்தார்.

இதெல்லாம் எதற்காக என்றால், ஒரு பயிற்சிப் பள்ளிக்காக. கறுப்பின இளைஞர்கள் பிரான்சுக்குப் போகாமல் சொந்த நாட்டிலேயே பறக்கப் படிக்க வேண்டும். அதற்குப் பணம் சேர்க்கத்தான் சாகச நிகழ்ச்சி, சொற்பொழிவு எல்லாம். ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ நகரில் ஒரு அழகு நிலையம்கூடத் திறந்தார். டல்லாஸில் ஒரு பழைய ஜென்னியைப் பேசி வைத்துத் தவணை கட்டிக்கொண்டிருந்தார். கடைசித் தவணைக்கு, சூயிங் கம் தொழில் செய்த ஒரு பணக்காரக் குடும்பத்தின் பிள்ளை உதவினார் என்கிறார்கள்.

ஜாக்சன்வில்லில் மே 1-ஆம் தேதி நிகழ்ச்சி. ஏற்பாடு செய்தது உள்ளூர்க் கறுப்பின நலச் சங்கம். அந்த ஊரில் கறுப்பினத்தவருக்கு விமானம் வாடகைக்குத் தர ஆள் இல்லை. ஆகவே டல்லாஸில் இருந்த ஜென்னியை வில்ஸ் ஓட்டிக்கொண்டு வந்தார். ஏறத்தாழ ஆயிரம் மைல் பயணம். வழியில் இன்ஜின் கோளாறால் திரும்பத் திரும்ப வயல்களில் இறங்க வேண்டி வந்தது. வந்து சேர்ந்த விமானத்தைப் பார்த்த உள்ளூர் விமானிகள், தேய்ந்துபோன இந்த இன்ஜின் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று வியந்தார்கள். நெருங்கியவர்கள் இதில் பறக்காதே என்றார்கள். அவர் கேட்கவில்லை. நிகழ்ச்சி அறிவித்தாகிவிட்டது, மாற்று விமானம் கிடையாது.

என் கணக்கில் விபத்து இங்கேயே பாதி நடந்துவிட்டது. ஒவ்வொரு கட்டாய இறக்கத்திலும் வில்ஸ் இன்ஜின் மூடியைத் திறந்திருப்பார், கருவிகளை எடுத்திருப்பார், அவசரமாகத் திரும்ப வைத்திருப்பார். கருவி எத்தனை முறை வெளியே வருகிறதோ, ஒன்று தவறிப்போகும் வாய்ப்பும் அத்தனை முறை. இன்று விமானப் பராமரிப்புக் கூடங்களில் ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவம் வரைந்த ஓர் இடம் இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு இடம் காலியாக இருந்தால் அந்த விமானம் நகராது. வயலில் தனியாக நிற்கும் ஒரு மெக்கானிக்குக்கு அப்படி ஒரு பலகை இல்லை, கேட்க ஒரு மேற்பார்வையாளரும் இல்லை.

ஜென்னி மாதிரி விமானத்தில் கருவி எங்கே போய்ச் சிக்கும் என்று கேட்கலாம். விமானி அசைக்கும் கோலிலிருந்து வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்கும் உயர்த்திப் பலகை வரைக்கும் எல்லாமே கம்பி, கப்பி, நெம்புகோல் வழியாகப் போகும் இணைப்புதான். அந்த வகை விமானங்களின் உடற்பகுதி உள்ளே ஒரு வெற்றுக் கூடு. ஓரிடத்தில் வைத்த பொருள் அதிர்வில் நகர்ந்து இன்னோரிடத்துக்குப் போக வழி உண்டு. விமானம் சீராகப் பறக்கும்வரை அது சும்மா கிடக்கும். மூக்கு சாய்ந்தாலோ விமானம் திரும்பினாலோ உருளும். இணைப்பின் இடுக்கில் விழுந்து கோல் முன்பக்கம் சாய்ந்த நிலையில் இறுகிவிட்டால், விமானி எவ்வளவு இழுத்தாலும் மூக்கு மேலே வராது. வேகம் கூடிக்கொண்டே போகும். சுழலில் விழுந்த விமானத்தை எப்படி மீட்பது என்பது போர்க்காலத்திலேயே கண்டுபிடித்துப் பாடமாகச் சொல்லிக்கொடுத்த வித்தை. ஆனால் அந்தப் பாடத்தின் முதல் நிபந்தனையே கோல் அசைய வேண்டும் என்பதுதான். வில்ஸின் திறமையைக் குறை சொல்லவோ மெச்சவோ இங்கே இடமில்லை.

பெல்ட் விஷயத்துக்கு வருவோம். கோல்மன் பெல்ட் போடாதது அலட்சியம் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் குள்ளமானவர். அமர்ந்தபடி பெல்ட் கட்டினால் விளிம்புக்கு மேல் தலையை நீட்டிக் கீழே பார்க்க முடியாது. பார்க்கத்தானே போனார். திறந்த விமானத்தில் இதன் ஆபத்து தெரியாத காலமும் அல்ல அது. 1912 ஜூலை 1-ல் பாஸ்டன் பக்கத்தில், அமெரிக்காவில் முதன்முதலில் உரிமம் பெற்ற பெண்ணான ஹாரியட் குவிம்பியும் அவருடன் வந்த பயணியும் திடீரென்று மூக்கு சாய்ந்த ஒரு பிளேரியோ விமானத்திலிருந்து இப்படியே தூக்கி எறியப்பட்டு இறந்தார்கள். அவர்கள் விமானம் தானே மிதந்து வந்து அவ்வளவாகச் சேதமில்லாமல் இறங்கியது. அங்கே பெல்ட் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். ஜாக்சன்வில்லில் அப்படிச் சொல்ல முடியாது. விமானத்தோடு கடைசிவரை இருந்த வில்ஸும் பிழைக்கவில்லை. ஆகவே பெல்ட், கோல்மன் எங்கே இறந்தார் என்பதை மாற்றியிருக்கும். இறந்தார் என்பதை மாற்றியிருக்காது.

விழுந்த பிறகு நடந்ததும் சொல்ல வேண்டியதுதான். சிதைவுக்கு ஓடிவந்தவர்களில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களில் ஒருவரும் இருந்தார். வில்ஸின் உடல் அடியில் மாட்டிக்கிடந்தது. பதற்றத்தில் அந்த மனிதர் ஒரு சிகரெட் பற்றவைத்தார். சுற்றிலும் சிந்திக்கிடந்த பெட்ரோல் ஆவி பிடித்துக்கொண்டு எல்லாம் எரிந்தது. ஒரு விபத்தின் தடயங்களில் பெரும்பகுதி இப்படிப் போயிற்று. அங்கே கயிறு கட்டி ஆட்களை விலக்க யாரும் இல்லை. அதற்கென்று ஒரு அமைப்பே அந்த நாட்டில் இல்லை. பிரிட்டனில் 1915-லேயே ராணுவ விமானப் பிரிவில் விபத்துகளை ஆராய ஒரு பிரிவு தொடங்கி, 1922-ல் சிவில் விமான விபத்துகளையும் ஆராய விதிகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 1926 ஏப்ரலில் ஒரு சிவில் விமானம் விழுந்தால், கிடைத்ததைக் கிளறிப் பார்த்தவர்கள் சொன்னதுதான் காரணம். ஸ்பானர் என்ற முடிவுக்குப் பின்னால் இருப்பதும் அவ்வளவே. அது சரியாகவும் இருக்கலாம், நான் நம்பவும் செய்கிறேன். ஆனால் தேய்ந்த இன்ஜின், பழைய கம்பிகள், ஆயிரம் மைல் அதிர்வு என்று மற்ற எதையும் யாரும் வரிசையாகப் பரிசோதித்து நீக்கிவிட்டு அந்த முடிவுக்கு வரவில்லை.

உள்ளூரில் வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் செய்தியை வில்ஸை வைத்தே எழுதின. கோல்மன் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண் என்ற அளவில் வந்தார். ஐந்தாண்டுகளாக உரிமம் வைத்திருந்தவரை மாணவியாக்கிவிட்டார்கள். கறுப்பினப் பத்திரிகைகளில்தான் அவர் முழு ஆளாக இருந்தார். ஜாக்சன்வில்லிலும் ஆர்லாண்டோவிலும் அஞ்சலி நடந்து, உடல் சிகாகோவுக்கு வந்தது. அங்கே இறுதிச் சடங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொன்ற வன்கொலைகளுக்கு எதிராகப் போராடிய ஐடா பி. வெல்ஸ் அந்தக் கூட்டத்தில் பேசினார்.

விபத்து நடந்து இருபது நாள்தான். 1926 மே 20-ல் அதிபர் கால்வின் கூலிட்ஜ் வான் வணிகச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கோல்மன் இறந்ததால் வந்த சட்டம் இல்லை. அது பல மாதமாக நாடாளுமன்றத்தில் இருந்தது. விமானத் தொழில் நடத்தியவர்களே அதைக் கேட்டார்கள், ஏனென்றால் கண்டவர்கள் கண்டபடி விழுந்து சாகும் வரைக்கும் காசு கொடுத்துப் பயணம் செய்ய மக்கள் வரமாட்டார்கள். விமானிக்கு உரிமம், விமானத்துக்குத் தகுதிச் சான்று, விபத்தின் காரணத்தை ஆராயும் பொறுப்பு, மூன்றும் வணிகத் துறைக்குப் போயின. முதல் உரிமத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு, விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் ரைட்டைக் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றதும் அந்தப் பிரிவின் தலைவர் வில்லியம் மெக்ராக்கனே 1927 ஏப்ரலில் ஒன்றாம் எண்ணை எடுத்துக்கொண்டார்.

இந்த விதிகள்தான் ஜென்னியின் காலத்தையும் முடித்தன. தகுதிச் சான்று என்று வந்தவுடன் பழைய மரமும் நைந்த துணியும் தேர்வில் நிற்கவில்லை. ராணுவமும் 1927-ல் மிச்சமிருந்த ஜென்னிகளைக் கழித்துக்கட்டியது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், பிரிட்டனில், வேறு மாதிரி நடந்தது. 1925 பிப்ரவரியிலேயே டி ஹாவிலாண்ட் மோத் பறந்துவிட்டது. பறக்கும் கிளப்புகளில் சாதாரண ஆட்கள் படிப்பதற்காகவே வடிவமைத்த இலகு விமானம். அதன் இன்ஜினும் போர் மிச்சத்திலிருந்து வந்ததுதான், பழைய எட்டு சிலிண்டர் இன்ஜினைப் பாதியாக்கி நான்கு சிலிண்டராகச் செய்தார்கள். ஆனால் விமானம் புதிது. கிளப்புகளுக்கு அரசு மானியம் கொடுத்தது. அமெரிக்காவில் அதே ஆண்டுகளில் பறக்கப் படிக்க விரும்பிய ஏழை ஆளுக்கு அரசு கொடுத்தது, தான் வேண்டாமென்று தள்ளிய விமானம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜென்னியில் வெள்ளையர்களும் நிறையப் பேர் விழுந்து இறந்தார்கள். நிறவெறி ஸ்பானரைத் தூக்கி இடுக்கில் போடவில்லை. ஆனால் திறமை காட்டிய ஒரு வெள்ளைக்கார விமானிக்கு ஜென்னி முதல் படி. லிண்ட்பர்க் அதிலிருந்து ராணுவப் பள்ளிக்குப் போனார், தபால் விமானத்துக்குப் போனார், 1927-ல் புத்தம்புது விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டினார். கோல்மனுக்கு அந்த அடுத்த படிகள் எதுவும் திறக்கவில்லை. ஐந்து வருடம் கழித்தும் அவர் அதே தேய்ந்த பயிற்சி விமானத்தில்தான் இருந்தார்.

அவர் ஆரம்பிக்க நினைத்த பள்ளியை வேறு ஆட்கள் ஆரம்பித்தார்கள். 1929-ல் வில்லியம் பவல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெஸ்ஸி கோல்மன் பெயரில் ஒரு பறக்கும் கிளப் தொடங்கினார். சிகாகோவில் கொர்னீலியஸ் காஃபியும் வில்லா பிரவுனும் ஒரு பள்ளி நடத்தினார்கள். 1939-ல் அமெரிக்க அரசு கல்லூரி இளைஞர்களுக்கு விமானப் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, அவர்கள் பள்ளியும் அதில் இடம்பிடித்தது. அங்கே படித்தவர்களில் சிலர் பிறகு அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் உருவான கறுப்பினப் போர் விமானிகள் படைக்குப் போனார்கள்.